வெளிநாட்டு எம்.எஸ்.: ‘எந்த நாடு?’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது

ஹெச்-1பி எனப்படும் வேலை விசாவுக்கான புதிய விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்கா அறிவித்தது. படிப்பு முடிந்து தங்கும் காலத்தை 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைப்பதாக பிரிட்டன் சொல்லிவிட்டது. கனடா 2024-லிருந்தே மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் கடைசி வருட இன்ஜினீயரிங்கில் பிள்ளை இருக்கும் வீடுகளில், ‘இப்போ எந்த நாட்டுக்கு அனுப்பறது?’ என்பதே பேச்சாக இருக்கிறது.

இந்தக் கட்டுரை மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. படிப்பை முடித்த பிறகு அங்கே வேலை அமையவில்லை, பையனோ பொண்ணோ ஊர் திரும்ப வேண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய கடனை இங்கே வாங்கும் சம்பளத்தில் கட்ட முடியுமா? இதற்குப் பதில் கையில் இருக்கும் குடும்பம் எந்த நாட்டு விதி மாறினாலும் தாக்குப்பிடிக்கும். பதில் இல்லாவிட்டால், எவ்வளவு பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தாலும் வீடு சூதாட்டத்தில் இறங்குகிறது என்றுதான் பொருள்.

முதலில், நான்கு அனுமதிகள்

செய்திகளைப் படிக்கும்போது வரும் குழப்பத்தில் பாதி, ‘விசா’ என்ற ஒரே சொல்லால் நான்கு வெவ்வேறு விஷயங்களைக் குறிப்பதால் வருவது.

1. படிப்பு விசா. பல்கலைக்கழகம் இடம் கொடுத்த பின், படிக்க மட்டும் நாட்டுக்குள் விடும் அனுமதி. அமெரிக்காவில் இதன் பெயர் எஃப்-1.

2. படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி. பட்டம் வாங்கியவர் சில காலம் தங்கி வேலை பார்க்கலாம். அமெரிக்காவில் ஓபிடி, பிரிட்டனில் கிராஜுவேட் ரூட். இது தற்காலிகமானது, காலக்கெடு உள்ளது.

3. வேலை விசா. ஒரு நிறுவனம் முன்வந்து, ‘இவர் எங்களுக்கு வேண்டும்’ என்று அரசிடம் கேட்டு வாங்குவது. ஹெச்-1பி இந்த வகை.

4. நிரந்தரக் குடியிருப்பு. கிரீன் கார்டு, பி.ஆர். எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு படியில் ஏறியதால் அடுத்த படி தானாகக் கிடைத்துவிடாது. கல்விக் கடனை அடைப்பதற்கான வருமானம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது படிகளிலிருந்துதான் வரும். நாடுகள் இப்போது இறுக்கிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டு படிகளைத்தான்.

அமெரிக்கா: 1 லட்சம் டாலர் யாருக்கு?

எம்.எஸ். முடித்தவருக்கு 12 மாதம் ஓபிடி உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்பு என்றால் கூடுதலாக 24 மாதம். ஆக மொத்தம் 3 ஆண்டு. எந்தப் படிப்பு இந்தப் பட்டியலில் வரும் என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள, படிப்பின் வகையைக் குறிக்கும் சிஐபி எண் தீர்மானிக்கிறது. எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போகும். ஒப்புக்கொள்ளும் முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். இன்னொன்று: முதல் 12 மாத ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் அனுமதி போய்விடும். நீட்டிப்பும் கிடைத்தவருக்கு இது மொத்தமாக 150 நாள்.

அடுத்தது ஹெச்-1பி. ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. கேட்பவர்கள் இதைவிடப் பல மடங்கு என்பதால் குலுக்கல். செப்டம்பர் அறிவிப்பு வந்தபோது, இனி எம்.எஸ். படித்தும் பயனில்லை என்ற பேச்சு எழுந்தது. அக்டோபர் 20-ம் தேதி அமெரிக்கக் குடியேற்றத் துறை கொடுத்த விளக்கம் வேறு: நாட்டுக்குள் இருந்துகொண்டே எஃப்-1-லிருந்து ஹெச்-1பி-க்கு நிலை மாற்றிக்கொள்பவர்களுக்கு இந்தக் கட்டணம் பொருந்தாது. வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய விண்ணப்பத்துக்குத்தான் பொருந்தும், அதைக் கட்ட வேண்டியதும் நிறுவனம்.

இதன் விளைவை நம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். படித்துவிட்டு அங்கேயே இருப்பவருக்குக் கதவு மூடவில்லை. ஆனால் ‘ஒரு ரெண்டு வருஷம் ஊர்ல இருந்துட்டு மறுபடியும் போய்க்கலாம்’ என்ற பழைய வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது, ஏனென்றால் புதிதாகப் பட்டம் வாங்கிய ஒருவருக்காக 1 லட்சம் டாலர் கட்ட நிறுவனங்கள் முன்வருவது அரிது. அதோடு, 2025 டிசம்பரில் அறிவித்த விதிப்படி குலுக்கலும் எல்லோருக்கும் சமமானதாக இருக்காது. அதிகச் சம்பள நிலையில் இருப்பவரின் பெயர் கூடுதல் முறை சேரும், தொடக்க நிலைச் சம்பளத்துக்கு ஒரு முறைதான். படிப்பு முடித்து நேராகச் சேர்பவர் பெரும்பாலும் அந்தத் தொடக்க நிலையில்தான் இருப்பார். இங்கே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இதனால் சற்றுக் கூடுதல் பலம் என்பது என் கணிப்பு.

கொங்குக்கே உரிய ஓர் அபாயமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர்கள் நின்றன. கரூர் வீட்டு உபயோகத் துணிகளுக்கும் அதே நிலை. அப்பாவின் தொழில் அமெரிக்க ஆர்டரை நம்பி, மகனின் கடன் அமெரிக்க வேலையை நம்பி நின்றால், வாஷிங்டனில் எடுக்கும் ஒரு முடிவு இரண்டையும் ஒரே மாதத்தில் தட்டும். ஏற்றுமதி வீடுகள் இதைத் தனியாக எடுத்து யோசிக்க வேண்டும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரே ஆண்டு, செலவும் அதற்கேற்பக் குறைவு. ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு கிராஜுவேட் ரூட் 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் சேர்பவர் படித்து முடித்து விண்ணப்பிப்பது 2027-ல் என்பதால் அவருக்கும் 18 மாதமே. அதற்குள் வேலை விசா தரும் நிறுவனத்தைப் பிடித்தாக வேண்டும். 2025 ஜூலை முதல் அந்த விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு; புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. வரம்பை எட்டும் வேலை லண்டனுக்கு வெளியே எளிதில் அமையாது.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே இல்லை. விதிவிலக்கு உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. இந்திய மாணவர்கள் தங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும். அத்துடன் 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல் வரும். ஆனால் அது கட்டணம் அல்ல, மாதம் 992 யூரோ வீதம் மாணவரின் செலவுக்கே திரும்ப வரும். படித்த பின் வேலை தேட 18 மாதம். மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் படித்த பிள்ளைகளுக்கு ஆஹன், டிரெஸ்டன், ராய்ட்லிங்கன் ஆகிய ஊர்களில் ஜவுளித் தொழில்நுட்பத்துக்கென்றே துறைகள் இருக்கின்றன. இடறும் இடம் மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை வேண்டுமென்றால் ஜெர்மன் மொழி பி1, பி2 எனப்படும் நடுத்தர நிலை அளவுக்கு வேண்டும். இங்கிருந்தே ஒரு வருடம் படித்துவிட்டுப் போகாதவர்கள் அங்கே போய்த் திணறுகிறார்கள்.

கனடாவில் முதுகலை முடித்தவருக்கு 3 ஆண்டு வேலை அனுமதி இன்னும் இருக்கிறது. 2026 ஜனவரி முதல் அரசுக் கல்வி நிறுவனங்களின் முதுகலை மாணவர்கள் எண்ணிக்கை வரம்பிலிருந்தும் விலக்கப்பட்டிருக்கிறார்கள். இறுக்கம் அதிகம் விழுந்தது டிப்ளமோ கல்லூரிகள் மீது. கல்விக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியா விசா கட்டணத்தையே 2,000 ஆஸ்திரேலிய டாலராக்கிவிட்டது. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது.

தோட்டம் இருந்தும் கடன் ஏன் கிடைப்பதில்லை?

கொங்கு வீடுகளை அதிகம் திகைக்க வைப்பது இந்த இடம். அஞ்சு ஏக்கர் தோட்டம், கிணறு, தென்னை எல்லாம் இருக்கும். ஆனால் வங்கி மேலாளர், ‘டவுன்ல வீடு, சைட் ஏதாச்சும் இருக்கா?’ என்று கேட்பார்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி ஏலம் விட வழி செய்வது 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். அதன் 31-வது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. விவசாயியைக் காக்க வைத்த விலக்கு அது, நல்ல விலக்கும்கூட. ஆனால் அதே காரணத்தால், பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடனுக்குத் தோட்டத்தை ஈடாக ஏற்பதில்லை. வீடு, கடை, டிடிசிபி அங்கீகாரம் பெற்ற சைட், வைப்புத்தொகை ஆகியவைதான் செல்லுபடியாகும்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் பொதுவாக இப்படிப் போகிறது:

1. 4 லட்சம் வரை ஈடு தேவையில்லை. 4 முதல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதற்கு மேல் சொத்து ஈடு. சில பெயர்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் ஈடின்றித் தரும் தனித் திட்டங்களைச் சில வங்கிகள் வைத்திருக்கின்றன.

2. வெளிநாட்டுப் படிப்பு என்றால் மொத்தச் செலவில் 15 சதவீதம் குடும்பத்தின் பங்கு. இதற்கு மார்ஜின் என்று பெயர்.

3. படிக்கும் காலமும் அதன் பிறகு 1 ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், தனிவட்டியாக. அந்தக் காலம் முடியும்போது சேர்ந்த வட்டி அசலோடு கூடும்.

4. அதன் பிறகு திருப்பிக் கட்ட 15 ஆண்டு வரை அவகாசம்.

வீடு இருந்தாலும் மூன்று முட்டுக்கட்டைகள் வரும். முதலாவது, பவர்லூமுக்கோ பவுண்டரிக்கோ சி.சி. லிமிட் எனப்படும் நடப்பு மூலதனக் கடன் வாங்கியபோது அந்த வீட்டுப் பத்திரத்தை ஏற்கெனவே ஒரு வங்கியில் வைத்திருப்பார்கள். அதே வங்கியில், சொத்தின் மதிப்பில் மீதி இருந்தால் மட்டுமே அதன்மேல் இன்னொரு கடன் கேட்கலாம். இரண்டாவது, வருமானச் சான்று. பெற்றோரில் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும், அவருடைய இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். பண்ணையம் பார்க்கும் அப்பாவுக்கு விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார். ஜாப் ஒர்க் செய்பவர் உண்மை வருமானத்தைவிடக் குறைத்துக் காட்டியிருப்பார். பிள்ளை மூன்றாம் வருடம் படிக்கும்போதே இதைச் சரிசெய்யத் தொடங்கினால்தான் உண்டு.

மூன்றாவது முட்டுக்கட்டை அதிகம் பேசப்படாதது. வீடு தாத்தா பெயரில் இருக்கும், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்காது. 2005-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு. எனவே வங்கி வழக்கறிஞர் அத்தைமார் எல்லோருடைய கையெழுத்தையும் கேட்பார், கேட்க வேண்டும். ஆகஸ்டில் விமானம் ஏற வேண்டிய பிள்ளைக்காக ஜூனில் அத்தை வீட்டுக்குப் போய் அவசரக் கையெழுத்து கேட்பது உறவுக்கும் நல்லதல்ல, அவருடைய பங்குக்கும் நியாயமல்ல.

வட்டி என்ன செய்யும்: ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 2 வருடப் படிப்பு என்று கொள்வோம். ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் 10 லட்சமாக வங்கி விடுவிக்கிறது.

1. தவணை தொடங்கும் 3-ம் ஆண்டு முடிவில் சேர்ந்திருக்கும் வட்டி 9 லட்சம். கட்ட வேண்டிய அசல் 49 லட்சமாகிவிடும்.

2. 10 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 64,750 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 77.7 லட்சம்.

3. 15 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 52,650. மொத்தம் 95 லட்சத்தை நெருங்கும்.

4. தவணை தொடங்கும் வரை குடும்பம் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டி வந்தால் அசல் 40 லட்சத்திலேயே நிற்கும். அந்த வட்டி முதலில் மாதம் 8,333 ரூபாய், கடைசி செமஸ்டரிலிருந்து 33,333. பிறகு 10 ஆண்டுத் தவணை சுமார் 52,850.

இப்போது முதலில் கேட்ட கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வேலை கிடைத்தவருக்கு 64,750 ரூபாய் என்பது 750 டாலருக்கும் குறைவு, சமாளிக்கலாம். திரும்பி வந்து சரவணம்பட்டியிலோ பெருந்துறையிலோ மாதம் 50,000 சம்பளத்தில் சேர்ந்தவருக்கு அது சம்பளத்தைவிட அதிகம். மீதியை அப்பாவின் தொழிலும் தோட்டமும் தாங்க வேண்டும். எத்தனை வருடம் தாங்கும் என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

ரூபாய் மதிப்பும் இரண்டு பக்கமும் வெட்டும். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 73 ரூபாய் வாக்கில் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. கட்டணம் கட்டும்போது ரூபாய் சரிந்தால் வாங்கிய கடன் பற்றாமல் போகும். டாலரில் சம்பாதிப்பவருக்கு அதே சரிவு தவணையை இலகுவாக்கும். ஊர் திரும்பியவருக்கோ சுமை மட்டுமே மிச்சம். கடன் கேட்கும்போது செலவுக் கணக்கில் 10 சதவீதமாவது கூட்டிக் கேட்பது நல்லது.

ஈடின்றித் தரும் தனியார் நிதி நிறுவனங்களில் வட்டி பொதுவாக அரசு வங்கியைவிடக் கூடுதல். பல இடங்களில் படிக்கும்போதே வட்டியின் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள். கையெழுத்துப் போடும் முன் வட்டி அவ்வப்போது மாறும் மிதக்கும் விகிதமா, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, தவணை எந்த மாதம் தொடங்கும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டு கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்.

‘ஷோ மணி’, ரெண்டு வட்டி, இலவச கன்சல்டன்சி

பிரிட்டன் விசாவுக்கு, காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும். இதற்காகத் தெரிந்த பைனான்ஸில் ரெண்டு வட்டிக்கு 15, 20 லட்சம் வாங்கி ஒரு மாதம் கணக்கில் போட்டுவைக்கும் வழக்கம் நம் பக்கம் வந்துவிட்டது. ரெண்டு வட்டி என்பது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். செலவைவிடப் பெரியது இதிலுள்ள ஆபத்து. பணம் எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்கலாம். போலி ஆவணம் கொடுத்தது தெரிந்தால் பிரிட்டனில் 10 ஆண்டு வரை தடை. அமெரிக்காவில் பொய்த் தகவல் கொடுத்தவருக்கு நிரந்தரத் தடையே வரலாம். 22 வயதுப் பிள்ளையின் பெயரில் அந்தக் கறை விழ எந்தப் பெற்றோரும் சம்மதிக்கக் கூடாது. வங்கி தரும் கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தையே நிதிச் சான்றாகக் காட்டலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கன்சல்டன்சி இலவசமாக ஆலோசனை தருவது எப்படி? மாணவர் சேர்ந்தால் அந்தப் பல்கலைக்கழகம் முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகத் தருகிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவில் இது பரவலான, சட்டப்படியான முறை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவதில்லை, அங்குள்ள தனியார் நிறுவனங்கள் தருகின்றன. ‘ஜெர்மனி’ என்று கேட்டுப் போன மாணவருக்கு 10 லட்சத்துக்கு மேல் கட்டணம் உள்ள தனியார் கல்லூரியின் கையேடு கிடைப்பதற்கு இதுதான் காரணம். கன்சல்டன்சிக்கே போக வேண்டாம் என்பதில்லை. இந்தக் கல்லூரி உங்களுக்குக் கமிஷன் தருகிறதா என்று நேராகக் கேட்டுவிட்டு, கமிஷன் தராத கல்லூரிகளின் பட்டியலை நாமே தயாரித்துக்கொள்ளலாம்.

உதவித்தொகைகளும் அந்த மேசையில் அபூர்வமாகத்தான் பேசப்படும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது, வருமான வரம்பு உண்டு. எல்லோருக்கும் பொதுவாக ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், ஜெர்மனியின் டாட் (DAAD), இரண்டு ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு பிரிட்டனின் செவ்னிங் ஆகியவை இருக்கின்றன. இவற்றுக்குச் சேர்க்கைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டில் எழுதிப் பார்க்க வேண்டியவை

1. அங்கே வேலை அமையாமல் திரும்பினால், தவணையில் எவ்வளவு பிள்ளையின் சம்பளம், எவ்வளவு பெற்றோரின் கை? அந்தப் பெற்றோருக்கு அப்போது வயது என்ன?

2. இதே படிப்பு கோவையில் எந்த வேலையைத் திறக்கும்? பம்ப், மோட்டார், வார்ப்பு, ஜவுளி, மென்பொருள் எதுவானாலும், அந்தத் துறையில் மேற்பட்டம் வாங்கியவருக்கு இங்கே சம்பளம் கூடுகிறதா என்று நேரில் விசாரிக்கலாம். எம்பெடட் சிஸ்டம்ஸ் படித்தவருக்குக் கிடைக்கும் பதிலும் பொது மேலாண்மை படித்தவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்காது.

3. கல்லூரி முடித்த கையோடு போகிறதா, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டா? அரியர் வைத்து முடித்தவர்களுக்கு அந்த இரண்டு வருட அனுபவம் சேர்க்கையிலேயே உதவும். பொண்ணு என்றால் ‘ரெண்டு வருஷம் தள்ளினா வயசாயிடும்’ என்ற பேச்சு வரும். கல்யாணத்தை நினைத்துப் பையனுக்குச் சொல்லாத கெடுவை மகளுக்கு மட்டும் வைத்தால், தயாராகாத மகள் பெரிய கடனோடு அவசரமாகக் கிளம்ப நேரும்.

4. தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக்கடன் ஆகும். இணைக் கடன்தாரர் என்பதால் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் சரியும். அடுத்த முறை அவர் சி.சி. லிமிட்டைப் புதுப்பிக்கப் போகும்போது அது குறுக்கே நிற்கும். பிள்ளையின் கடன் தொழிலின் நடப்பு மூலதனத்தைத் தொடும் வழி இது.

5. கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்ல விரும்பாத ஒன்று. படிக்கப் போன இடத்தில் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தாலும் கடன் தானாகத் தீராது. கையெழுத்துப் போட்ட பெற்றோர் மேல் நிற்கும், ஈடு வைத்த வீட்டின் மேல் நிற்கும். கடன் தொகைக்கு ஈடான டேர்ம் இன்சூரன்ஸை மாணவரின் பெயரில், விமானம் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும். 22 வயதில் அதற்கான பிரீமியம் குறைவு. வங்கியே அதைக் கடனோடு சேர்த்துத் தர முன்வந்தால், வெளியே தனியாக எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று ஒப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.